ரூபாயில் ஒரு கோடு, டாலரில் ஒரு கோடு

கேள்வி: 2010 முதல் 2022 வரை இந்தியா, இந்தோனேசியா இரண்டின் காகித, அட்டை ஏற்றுமதியையும் (சுங்கப் பட்டியலின் 48-ஆம் அத்தியாயம்) எக்செலில் போட்டுப் பார்த்தேன். நம் கணக்கு மத்திய வணிக அமைச்சகத் தளத்தில் எடுத்தது, கோடி ரூபாயில். அவர்கள் கணக்கு ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேட்டில் எடுத்தது, டாலரில். நம் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அவர்கள் கோடு ஊர்கிறது. சீக்கிரம் முந்திவிடுவோம்தானே?
– அட்டைப்பெட்டி தயாரிக்கும் வாசகர், கப்பலூர், மதுரை

பதில்: முந்துவது இருக்கட்டும், முதலில் அட்டவணையைத் திருத்துங்கள். 2010-ல் டாலர் சராசரியாக 46 ரூபாய்க்குப் பக்கம். 2022-ல் 78-ஐத் தாண்டிவிட்டது. ஒரு காகித ரீல்கூடக் கூடுதலாக அனுப்பாமலே உங்கள் ரூபாய்க் கோடு சுமார் 70 சதவீதம் ஏறியிருக்கும்! போதாததற்கு நம் ஆண்டு ஏப்ரல்–மார்ச், அவர்களுடையது ஜனவரி–டிசம்பர். இரண்டையும் காம்ட்ரேட்டிலேயே எடுங்கள்.

டாலரும் ஏமாற்றும். 1,000 டன், டன் 600 டாலர் என்றால் 6 லட்சம். மறு ஆண்டு 900 டன், டன் 800 டாலர் என்றால் 7.2 லட்சம். மதிப்பு 20 சதவீதம் ஏறிற்று, சரக்கோ 10 சதவீதம் குறைந்தது. 2021, 2022-ல் கூழும் பழைய பேப்பரும் விலை ஏறிய கதை ரீல் வாங்கும் உங்களுக்குத் தெரியாததா? ஆகவே எடையையும் எடுத்து, மதிப்பை டன்னால் வகுங்கள். ஏதோ ஓர் ஆண்டில் மட்டும் டன் விலை பாதியாகத் தெரிந்தால் பெரும்பாலும் சந்தை சரியவில்லை, எடைப் பதிவு பிசகியிருக்கிறது. முதல் மூன்று ஆண்டுச் சராசரியையும் கடைசி மூன்று ஆண்டுச் சராசரியையும் ஒப்பிடுங்கள்; ஒற்றை ஆண்டை நம்ப வேண்டாம்.

பெரிய கோளாறு, 48-ஐ மொத்தமாக அள்ளியது. உங்கள் பட்டறைச் சரக்கையே பாருங்கள். ரீலாக இருக்கும்போது சுங்கக் குறியீடு 4804 அல்லது 4805, நெளி அட்டையானால் 4808, பெட்டியாகிவிட்டால் 4819. அந்தப் பெட்டியில் யாரோ சட்டையை அடுக்கித் தூத்துக்குடியில் கப்பலேற்றினால் அது காகித ஏற்றுமதியே அல்ல, சட்டைக் கணக்கில் போய்விடும். சிவகாசி நோட்டு 4820-ல் வரும். சிவகாசி காலண்டர் 4910, அதாவது 49-ஆம் அத்தியாயம். இன்னொன்று: நீங்கள் ‘கிராஃப்ட்’ என்று வாங்குவது பெரும்பாலும் பழைய பேப்பரிலிருந்து செய்தது. சுங்க விதிப்படி நாரில் 80 சதவீதமாவது சல்ஃபேட் அல்லது சோடா முறையில் எடுத்த ரசாயனக் கூழாக இருந்தால்தான் கிராஃப்ட், அதாவது 4804; இல்லையென்றால் 4805. எனவே 4804, 4805 இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பழைய பேப்பர் விஷயத்தில்தான் சீனா வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் பழைய பேப்பர் இறக்குமதியைச் சீனா அடியோடு நிறுத்தியது. அதை ஈடுகட்ட வெளியிலிருந்து ரீலாகவும், மறுசுழற்சிக் கூழாகவும் வாங்கியது. ரீல் 48-ல் விழும். கூழ் 4706, அதாவது 47-ஆம் அத்தியாயம். உங்கள் அட்டவணையில் பாதிக் கதைதான் இருக்கிறது.

இந்தோனேசியாவுக்குச் சுமத்ராவில் அக்கேசியா தோட்டம், பக்கத்திலேயே கூழ் ஆலை, காகித ஆலை. ஜெராக்ஸ் பேப்பர் சேரும் 4802-ஐத் தனியே எடுங்கள். அங்கே யாரை முந்த வேண்டும் என்பது தெரியும். எடுத்ததும், சீனாவுக்குப் போன ஏற்றுமதியைச் சீன இறக்குமதிக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். அதில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருப்பதால் டாலர் கூடுதலாகவே இருக்கும். டன் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். டிசம்பரில் ஏற்றியது ஜனவரியில் இறங்கும், அந்த வித்தியாசத்தை மட்டும் மன்னித்துவிடுங்கள்.