மாரிக்கு எந்த ரோச் வாங்கலாம்?

மழையில் கரண்ட் போனால் கைகொடுக்கும் உறுதியான ரோச் என்பது ஒரே பொத்தான், தடித்த உடல், சின்னக் கடையிலும் கிடைக்கும் டபுள் ஏ பற்றரி, அவ்வளவுதான். உள்ளேயே சார்ஜ் ஏறும் ரோச்சும் நல்லதுதான், ஆனால் இரண்டு நாள் கரண்ட் வராவிட்டால் அது வெறும் குழாய். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய சைக்கிள்தானே உதவியது? அதே கதை.

வாங்கும்போது மூடியைத் திருகிப் பாருங்கள். ரப்பர் வளையம் இல்லையென்றால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கும். கனநாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்து, வெள்ளையாய்ப் பூத்து, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, கூடினால் நல்ல ரோச் என்று பலர் நினைக்கிறார்கள். அதே பற்றரியில் வெளிச்சம் கூடக்கூட எரியும் நேரம் குறையும், படலையடிவரை போய்வர 100 லூமெனே தாராளம்.