இருபது பேருக்குப் பொங்கல்

கேள்வி: பொங்கல் விடுமுறை நான்கு நாளும் கொழுந்தனார், நாத்தனார் குடும்பங்களோடு இருபது பேர் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அடுப்படியை விட்டு நான் வெளியே வருவதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: யார் எந்த வேளைச் சமையலைப் பார்ப்பது என்பதைப் போகிக்கு முன்பே மாமியார் வாயால் சொல்ல வையுங்கள்; நீங்கள் சொன்னால் குறையாகத் தெரிவது, அவர் சொன்னால் ஏற்பாடாகிவிடும். தைக் குளிரில் மாவு புளிக்க நேரமாகும் என்பதால், நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில் பிற்பகலிலேயே அரைத்துவிட வேண்டும்; கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அந்த வேலை முழுவதும் ஆண்களுடையதாக இருக்கட்டும். (தேங்காய் துருவவும் அவர்களுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.) பொங்கலன்று பல காய் போட்டு வைக்கும் குழம்பைச் சற்றுக் கூடுதலாகவே வைத்து, மீந்ததை மறுநாள் அடி பிடிக்காமல் சுண்டவைத்தால், மாட்டுப் பொங்கல் காலைக்குப் பழையசோற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? காணும் பொங்கலுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு எல்லோரும் காவிரிக்கரைக்குக் கிளம்புங்கள். மேட்டூர் அணையிலிருந்து வழக்கமாக ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதால், ஆற்றில் அப்போது நீரும் இருக்கும். அன்று அடுப்பைத் துடைத்துவிட்டு, நீங்கள்தான் முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார வேண்டும்.