சிரோசிஸ் வந்தால் பத்தியக் கஞ்சி மட்டும்தான் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கிப்போகும் நோய்), வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சரியா?

தயவுசெய்து கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். குன்னூரில் என் அம்மாவை இதே நோயோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா குடித்ததே கிடையாது. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து இழுத்துவிட்ட நோய். இதில் குறைக்க வேண்டியது உப்பைத்தான், சாப்பாட்டை அல்ல.

சுருங்கிய கல்லீரலால் ராத்திரிக்கு வேண்டிய சர்க்கரையைச் சேர்த்து வைக்க முடியாது. வயிறு காய்ந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். நம் ஊர்க் குளிரில் ஏழு மணிக்கே சாப்பிட்டுக் கம்பளிக்குள் போய்விடுவோம். மறுநாள் எட்டரைக்குத்தான் இட்லி. அவ்வளவு நேரப் பட்டினி இவர்களுக்கு ஆகவே ஆகாது. வயிறு உப்பியிருப்பதால் எடை பார்த்தாலும் மெலிவது தெரியாது. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறியதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. இப்போது படுக்கும் முன் ஒரு டம்ளர் கேழ்வரகுப் பால் கஞ்சி, அல்லது இரண்டு இட்லி. காலையில் எழுந்ததுமே ஏதாவது கொடுத்துவிடுவேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் (நீரைக் கழித்த எடைக்கு). முட்டை, பால், தயிர், பருப்பு, நம் தோட்டத்து அவரையும் பட்டாணியும் எல்லாம் நல்லது. பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, பேச்சு தடுமாறுவது, கை படபடப்பது தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புரதத்தால்தான் இப்படி ஆகிறதோ என்று பயந்து நீங்களாக அதை நிறுத்தாதீர்கள்.

வயிற்றில் நீர் இருப்பதால் உப்பு நாள் முழுக்க 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். நான் காலையிலேயே அதை ஒரு சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிடுவேன். குழம்பை உப்பில்லாமல் இறக்கி, அம்மாவின் தட்டில் மட்டும் டப்பாவிலிருந்து தூவுவேன். எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீயோடு வர்க்கி எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. இந்துப்பும் சோடியம்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்தாகலாம்.

குடிப்பழக்கம் இருந்தால் ஒரு சொட்டும் கூடாது, குளிருக்கு என்று யார் நீட்டினாலும் சரி. காபி பிடிக்குமென்றால் தாராளமாகக் குடிக்கட்டும், கல்லீரலுக்கு நல்லதுதான். மேடு ஏறி முழங்கால் வலித்தால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இப்யூப்ரூஃபன் வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவும் வரலாம். நாட்டு மருந்துப் பொடிகளையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது. ரத்த வாந்தி, தார் போல மலம், காய்ச்சலோடு வயிற்று வலி என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கீழே இறங்கவே முடியாது. எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.