அறிவிப்பு முந்திவிட்டது

கேள்வி: சித்திரை விடுமுறையில் தொடங்கி ஆனி முடிவதற்குள் 62 கவிதைகள் எழுதிவிட்டேன். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குத் தொகுதி வரும் என்று முகநூலிலும் அறிவித்துவிட்டேன். 15 கவிதைகளை உங்களுக்கும் வேறு இரு சஞ்சிகைகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கிறேன். அச்சகத்துக்குப் போகுமுன் எதையெதைக் கவனிக்க வேண்டும்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: விளைச்சல் நல்லதுதான். ஆனால் தூற்றாத நெல்லை மூட்டை கட்டப் பார்க்கிறீர்கள்.

62 கவிதைகளின் கடைசி வரிகளை மட்டும் ஒரே தாளில் எழுதுங்கள். எத்தனை கேள்விக்குறியில் முடிகின்றன, எத்தனை மூன்று புள்ளியில் தொங்குகின்றன, எத்தனையில் மழை பெய்கிறது என்று எண்ணுங்கள். ஒரே மூச்சில் எழுதியவை ஒரே மாதிரித்தான் முடியும். ஒத்துப்போகும் நாலில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். 40 மிஞ்சினாலே பெரிய காரியம்.

அச்சுக் கணக்கும் அதற்குத்தான் இடம் தரும். டெமி எனும் நூல் அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கக் கட்டு, 16 பக்கம். 4 பாரம் 64. தலைப்பு, பதிப்பு விபரம், பொருளடக்கம், உங்கள் உரை எல்லாம் 8 பக்கத்தில் அடங்கும். மீதி 56இல் ஒரு பக்கக் கவிதை 24, இரு பக்கக் கவிதை 16. 65ஆம் பக்கம் விழுந்தால் அரைப் பாரமாவது கூடும். (அணிந்துரை, வாழ்த்துரை, நயவுரை என்று நால்வரைக் கேட்டிருந்தால் 12 பக்கம் அவர்களுக்கே. ஒருவர் போதும், அவரும் கவிதைகளை வாசித்தவராக இருக்கட்டும்.)

இரு பக்கக் கவிதை இடப்பக்கத்தில், அதாவது இரட்டை எண்ணில் தொடங்க வேண்டும். வலப்பக்கத்தில் தொடங்கினால், தாளின் அடியிலேயே கவிதை முடிந்துவிட்டதென வாசகர் எண்ணக்கூடும். பத்தியின் நடுவே பக்கம் முறிந்தால் நீங்கள் விடாத இடைவெளி ஒன்று முளைத்துவிடும். வரி நீண்டு மடிந்தால் மடிந்த துண்டை உள்தள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது புது வரியாகிவிடும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்களா? அதில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது நிறுத்தக்குறிகளும் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் கண்டபடி தமிழெழுத்தாகும். ஆகவே ஒப்புநோக்கலை மாற்றிய பின், பக்கம் கட்டிய பின், தாளில் செய்யுங்கள். நீங்கள் அல்ல, வேறொருவர். உங்கள் கண் எழுதியதை வாசிக்காது, நினைத்ததை வாசிக்கும்.

சர்வதேச தராதர நூல் எண்ணை (ISBN) கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பின்னட்டையில் பட்டைக்குறியீடு வரவேண்டும் என்பதால் அட்டை அச்சுக்குப் போகுமுன் எண் கையில் இருக்க வேண்டும். நூலின் முதுகில் பெயர் போட ஆசைப்படாதீர்கள். 80 கிராம் தாளில் 64 பக்கம் என்பது 3 மில்லிமீற்றர் சொச்சம். மடிப்புச் சற்று விலகினாலே எழுத்து அட்டைக்கு வழியும்.

சஞ்சிகை விடயம். ஒன்றில் ஏற்றுக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் அன்றே எழுதித் திரும்பப் பெறுங்கள். முகநூலில் முழுதாக இட்ட கவிதையை நாங்கள் பிரசுரமானதாகவே கொள்வோம். உங்கள் 15இல் அப்படி எவை என்று அறியத் தாருங்கள்.

ஆனி முடிந்தால் கண்காட்சிக்கு 9, 10 கிழமைதான். தெரிவு, பக்கக் கட்டு, ஒப்புநோக்கல், அட்டை, அச்சு எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் முதலில் வெட்டுப்படுவது தெரிவுதான். தொகுதி வரும் என்ற அறிவிப்பு இருக்கட்டும். அதிலுள்ள ‘செப்டெம்பர்’ என்ற சொல்லை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.