டெம்போ டிராவலரை மோட்டார்ஹோமாக மாற்றுகிறோம். சமையலுக்கு வண்டியிலேயே நிரப்பும் கேஸ் டேங்க் வைக்கலாமா, மாற்றிக்கொள்ளும் சிலிண்டர் போதுமா?

மாற்றிக்கொள்ளும் சிலிண்டர்தான். அதிலும் 5 கிலோ சிலிண்டராக இரண்டு வையுங்கள். சேலத்தில் ஹோட்டல், மெஸ், கல்யாண மண்டபங்களுக்கு கேஸ் லைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்போது வேன்களுக்கும் கேட்டு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாடி கட்டும் பட்டறையில், "அடியில் ஆட்டோ எல்பிஜி டேங்க் போட்டுவிடுவோம், தீர்ந்தால் பங்க்கில் நிரப்பிக்கலாம், சிலிண்டர் தூக்கும் வேலையே இல்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோ எல்பிஜி என்பது வண்டியின் இன்ஜின் ஓடுவதற்காக பங்க்கில் போடும் கேஸ். ஐரோப்பியர்கள் போடும் வீடியோக்களிலும் அதையே பார்த்திருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அடிக்கடி ஏற்காடு, லீவு விட்டால் தூரப் பயணம். இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

வீடியோவில் பார்த்தது தப்பில்லை. அவர்கள் ஊருக்கு அது அருமையான ஏற்பாடு. அங்கே பிரான்சில் வாங்கிய சிலிண்டரை ஜெர்மனியில் கொடுத்தால் மாற்றித் தர மாட்டார்கள். நாட்டுக்கு நாடு கம்பெனி வேறு, வால்வு வேறு. ஆனால் வண்டிக்கு எல்பிஜி போடும் பங்க் பல நாடுகளில் பரவலாக உண்டு. நாசில்தான் மாறும், அதற்கு நான்கு அடாப்டர் கையில் இருந்தால் கண்டம் முழுக்கச் சுற்றலாம். அவர்கள் வைக்கும் டேங்கும் சமையலுக்கென்றே செய்தது. 80 சதவீதம் நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்ளும் வால்வு அதில் இருக்கும். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊர்களில் பியூட்டேன் சிலிண்டர் வேலை செய்யாது என்பதும் அவர்களுக்கு ஒரு தலைவலி.

அந்தப் பிரச்சினைகள் எதுவும் நமக்கு இல்லை. சேலத்தில் வாங்கிய 5 கிலோ சிலிண்டரை நாட்டின் எந்த மூலையிலும் அதே கம்பெனியின் விற்பனை இடத்தில் காலியாகக் கொடுத்து நிரம்பியதாக வாங்கலாம். டேங்க் வைப்பதற்கான முக்கியக் காரணமே இங்கே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது சட்டம். நம் ஊர் ஆட்டோ எல்பிஜி பங்க்கில் வண்டியின் இன்ஜினுக்கான டேங்கில் மட்டும்தான் நிரப்பலாம். அடுப்புக்கு இணைத்த டேங்கிலோ தனி சிலிண்டரிலோ நிரப்ப அனுமதி கிடையாது. உரிமம் பெற்ற இடத்தில் தவிர வேறெங்கும் சிலிண்டர் நிரப்பக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் சிலிண்டர் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் நாளைக்கு விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிக்கும் இடம் அதுதான்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் ஆட்டோ டேங்க் அடுப்புக்கு ஆகாது. இன்ஜினுக்குப் போகும் டேங்கில் குழாய் அடிமட்டத்திலிருந்து எடுக்கும். வெளியே வருவது திரவம். அதை இன்ஜின் சூட்டில் ஆவியாக்கி எரிப்பதற்குத் தனிக் கருவி இருக்கிறது. அடுப்புக்கு வேண்டியதோ மேலே நிற்கும் ஆவி. திரவம் நேராக ரெகுலேட்டருக்குள் போனால் அடுப்பில் தீ முழ உயரத்துக்கு எழும்பும். இந்த வித்தியாசம் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால், கேஸ் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கடைவீதியில் கிடைக்கும் கம்பெனி பெயரில்லாத குட்டி சிலிண்டரை இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்துப் பிடித்து அதற்குள் கேஸ் ஏற்றித் தருவார்கள். எடை போடுவதில்லை, நிறுத்தும் வால்வும் இல்லை. கழுத்துவரை திரவம் நிரம்பிய சிலிண்டரை சித்திரை வெயிலில் பூட்டிய வேனுக்குள் வைத்தால், திரவம் விரிய இடமே இருக்காது. அதை வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, எந்த சிலிண்டர்? வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டர் வேண்டாம். அது அந்த முகவரியின் சமையலறைக்குக் கொடுத்த இணைப்பு. நிரம்பினால் முப்பது கிலோவை ஒட்டி வரும். வேனின் பக்கவாட்டுப் பெட்டியில் ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு போய்விடும். கடையில் நேரடியாக விற்கும் 5 கிலோ சிலிண்டர்தான் உங்களுக்குப் பொருத்தம். இண்டேனில் அதற்கு சோட்டு என்று பெயர். ஏதாவது ஒரு அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம், பிறகு கேஸுக்கு மட்டும். கிலோ கணக்கில் வீட்டு கேஸைவிட விலை கூடத்தான். இதில் மிச்சம் பார்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். கம்போசிட் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. உள்ளே பிளாஸ்டிக், நடுவில் கண்ணாடி இழை, வெளியே மறுபடி பிளாஸ்டிக் உறை. இரும்பைவிட எடை பாதிதான், துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் பார்த்தால் கேஸ் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்.

5 கிலோ எத்தனை நாள் வரும் என்று எல்லாரும் கேட்பார்கள். வீட்டு அடுப்பில் ஒரு பர்னரை முழுதாக எரித்தால் மணிக்கு சுமார் 150 கிராம் ஆகும். காலையில் காபி, இட்லி, சட்னிக்குத் தாளிப்பு, ராத்திரி ஒரு சாதம், குழம்பு என்று வைத்தால் எல்லாப் பர்னரும் சேர்த்து மூன்று மணி நேரம். ஐந்து பேருக்குப் பத்து நாள் தாராளமாக வரும். இரண்டாவது சிலிண்டர் கையிருப்பு. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டிவிட்டு, வழியில் எங்கே ஏஜென்சி தென்படுகிறதோ அங்கே காலியை மாற்றிக்கொள்ளுங்கள். மலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், அடிவாரம் தாண்டுவதற்கு முன்பே, சேலத்துக்குள்ளேயே நிரம்பியதாக எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

ஏற்காட்டுக் குளிரில் கேஸ் வருமா என்ற சந்தேகம் வேண்டாம். நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மார்கழி ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் சின்ன சிலிண்டரில் இரண்டு அடுப்பையும் முழுதாகத் திறந்து வெகுநேரம் எரித்தால் கொஞ்சம் மந்தமாகும். அப்போது சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள்: கேஸ் நிற்கும் மட்டம்வரை வியர்த்து ஜில்லென்று இருக்கும், அதற்கு மேலே காய்ந்திருக்கும். ஒரு அடுப்பை அணைத்துவிட்டுச் சற்று நேரம் விட்டால் சரியாகிவிடும். சுடுதண்ணீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கத்தில் நகர்த்தி வைப்பது எல்லாம் கூடவே கூடாது. குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பை எரியவிட்டு உட்காருவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

டேங்கா சிலிண்டரா என்று யோசிப்பதைவிட அதிக நேரம் யோசிக்க வேண்டியது சிலிண்டர் இருக்கும் பெட்டியைப் பற்றி. எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். உங்கள் வேனின் உட்புறம் 12 முதல் 15 கன மீட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் முக்கால் கிலோ கேஸ் கசிந்தாலே முழு வேனும் அந்த நிலைக்கு வந்துவிடும். தரையோடு மட்டும் நிற்பதால் அதற்கும் மிகக் குறைவானதே போதும். 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து வரிசையாக வீடுகள் இடிந்ததை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். படுப்பதும் சமைப்பதும் ஒரே பெட்டிக்குள் என்பதில் உங்கள் வேனும் அப்படிப்பட்ட இடம்தான்.

ஆகவே பெட்டி வண்டிக்கு வெளியிலிருந்து திறக்க வேண்டும். உட்புறத்தோடு எந்த இடைவெளியும் இருக்கக் கூடாது. குழாய் நுழையும் துளையைக்கூட அடைத்துவிடுங்கள். பெட்டியின் அடித்தளத்தில் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டை வேண்டும். எலி வருகிறது என்று அதை அட்டை வைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி வலை போடுங்கள், அடைக்காதீர்கள். பேட்டரி, இன்வெர்ட்டர், சுவிட்ச் எதுவும் அந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது. சைலன்சர் இருக்கும் பக்கமும் வேண்டாம். சிலிண்டர் நின்றபடிதான் இருக்க வேண்டும். அடியில் வளையம், நடுவிலும் தோளிலும் பெல்ட். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. கட்டாத சிலிண்டர் மூன்றாவது வளைவிலேயே சாய்ந்துவிடும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடியே வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வர வேண்டும், அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். டியூப் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி பின்னியதாக இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாற்றும்போதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கேஸ் அலாரம் வைத்தால் தரையிலிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள். கூரையில் மாட்டினால் அது அடிப்பதற்குள் காலம் கடந்துவிடும். கசிவு என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் இறங்கிவிட்டு, தள்ளி நின்று 1906-க்குக் கூப்பிடுங்கள். வேனுக்குள் நின்று போனை எடுக்காதீர்கள்.

இண்டக்‌ஷன் வைத்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், கேஸுக்குத் துணையாக. 1500 வாட்டில் அரை மணி நேரம் என்றால் 12 வோல்ட் பேட்டரியில் 60 ஆம்பியர் மணி போய்விடும். மலையில் மூடுபனி இறங்கிய நாட்களில் சோலார் அதை ஈடுகட்டாது.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஒரு ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். அடுத்த பரிசோதனை எப்போது என்பதற்கான குறி அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கெடு தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். சீலைப் பிரிக்காமல் எடை போடச் சொல்லுங்கள். வீட்டு ரெகுலேட்டரே போதும் என்று முடிவு கட்டாமல், அந்த சிலிண்டருக்குரியதை அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு சிலிண்டரும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும். இரும்பு சிலிண்டரும் கம்போசிட்டும் உயரத்திலும் சுற்றளவிலும் ஒன்றுபோல இருக்காது. அதனால் சிலிண்டரை முதலில் வாங்கிவிட்டு, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அதற்கப்புறம் பெட்டிக்கு அளவு கொடுங்கள்.