நீலம் வெளுக்கும் குடுவை

அன்புள்ள ஐயா,
என் மகள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய பேராசிரியர், எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் செய்யும் மூலக்கூறுகளை மருந்தாக்க முயல்பவராம். ஆக்சிஜனேற்றம் கெடுதல், ஆன்டிஆக்சிடன்ட் நல்லது என்றுதான் நான் படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஆடும் ஒன்று எப்படி மருந்தாகும்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,
மகளுக்கு வாழ்த்துகள். எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றம், அதைத் தடுப்பது ஆன்டிஆக்சிடன்ட். ஆனால் நீங்கள் படித்தது மாத்திரை விற்பவர்களின் வசனம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது!

மகளிடம் ஒரு குடுவையைக் காட்டச் சொல்லுங்கள். காரம் (ஆல்கலி) கலந்த குளுக்கோஸ் கரைசல், அதில் சில சொட்டு மெத்திலீன் நீலம். சும்மா வைத்தால் வெளுத்துத் தண்ணீர் போலாகும். மூடிக் குலுக்கினால் மறுபடி நீலம். குளுக்கோஸ் கொடுக்கும் எலக்ட்ரானை வாங்கிச் சாயம் நிறமிழக்கிறது. குலுக்கும்போது கரையும் ஆக்சிஜன் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. சாயத்துக்கு நடுவில் தரகு வேலைதான், கமிஷன்கூடக் கிடையாது.

1876இல் துணிக்காகப் பிறந்த இந்தச் சாயத்தை 1891இலேயே ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் அவசர சிகிச்சையில் இருக்கிறது. சில நச்சுகள் ஹீமோகுளோபினின் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடும். அந்த இரும்பு ஆக்சிஜனைச் சுமக்காது. ரத்தம் சாக்லேட் நிறமாகும், உதடு நீலம்பாரிக்கும். அப்போது உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மெத்திலீன் நீலத்தை ரத்தக்குழாயில் மெல்ல ஏற்றுவார்கள். சிவப்பணுவில் எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிடம் அது எலக்ட்ரான் வாங்கி இரும்பிடம் சேர்த்துவிடும். நீலம்பாரித்தவருக்கு நீலச் சாயமே மருந்து. (சிறுநீர் பச்சையாகப் போகும். பதற வேண்டாம்.)

அளவு மிஞ்சினால் அதே சாயம் இரும்பின் எலக்ட்ரானிலேயே கைவைக்கும். என்ஏடிபிஎச்சை உண்டாக்க உதவும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களிடம் அது போதாது. மருந்து பலிக்காததோடு சிவப்பணுக்களும் உடையும். ஆகவே ‘நல்லதா, கெட்டதா’ என்று மூலக்கூறைக் கேட்டுப் பயனில்லை. யாரிடம் வாங்குகிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று கேட்க வேண்டும்.

எலக்ட்ரானை இழுக்கும் அந்த வலுவைக் கூட்டிக் குறைப்பதுதான் பேராசிரியரின் பிழைப்பு. மூலக்கூறின் ஓரத்தில் ஓர் அணுத் தொகுதியை மாற்றி ஒட்டினாலும் அந்த வலு பல மில்லிவோல்ட் நகரலாம். அதை அளப்பது சைக்ளிக் வோல்டாமெட்ரி: மின்னழுத்தத்தை ஒரு பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டுவந்து, ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்கும் முறை. மகள் வரைபடம் கொண்டுவந்தால் பாருங்கள்: போகும்போது ஒரு மேடு, திரும்பும்போது ஒரு பள்ளம். பள்ளம் காணவில்லையென்றால் வாங்கிய மூலக்கூறு வேறொன்றாகச் சிதைந்துபோயிருக்கலாம். அன்று வீட்டில் அவளிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.