பிப்ரவரி வெயிலில் சுட்ட தோட்டா: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி (டென்வர் அருகிலிருந்து ஒரு வாசகர்): என்னுடைய .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறேன். இரண்டு வாரம் உறைபனி. அப்புறம் ஒரு சனிக்கிழமை சினூக் காற்று (மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்று) அடித்து 62 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது. விடுவேனா, காரேஜில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ரேஞ்சுக்குப் போனேன். எல்லாத் தோட்டாவிலும் ஒரே பவுடர், ஒரே அளவு. முதல் ஐந்தின் சராசரி வேகம் வினாடிக்கு 2,590 அடி; வெயிலில் ஒரு மணி நேரம் கழித்துச் சுட்ட கடைசி ஐந்து 2,635 அடி. வேகம் பார்த்தது நண்பரின் பழைய ஒளிக்கண் குரோனோகிராஃபில். பவுடர் சரியில்லையா? வெப்பநிலை பாதிக்காது என்று விற்கும் விலை கூடிய பவுடருக்கு மாறவா, இல்லை 600 டாலர் ரேடார் குரோனோகிராஃப் வாங்கவா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. நவம்பரில் எல்க் வேட்டைக்குப் போகிறேன்.

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் கேள்வியில் விடை ஏற்கெனவே இருக்கிறது: பெட்டி காரேஜில் இருந்தது. 62 டிகிரி என்பது காற்றின் சூடு, தோட்டாவின் சூடு அல்ல. இரண்டு வாரம் உறைந்து கிடந்த காரேஜில் பித்தளையும் ஈயமும் பவுடரும் 25 டிகிரியில் இருந்திருக்கும். பெட்டியோடு எடுத்து வந்த தோட்டா, வெளிக்காற்றின் சூட்டுக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 அன்று இதே சினூக் காற்று இரண்டே நிமிடத்தில் மைனஸ் 4-லிருந்து 45 டிகிரிக்கு ஏற்றியது. அது இன்றுவரை சாதனையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஊரில் அன்று யாருடைய காரேஜும் இரண்டு நிமிடத்தில் சூடாகியிருக்காது.

ஆக, நீங்கள் முதலில் சுட்டது குளிர்காலத் தோட்டா, கடைசியில் சுட்டது வசந்தகாலத் தோட்டா. நடுவில் பெட்டியின் மேல் வெயில் பட்டது, குழல் சூடேறியது, சூடான சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா சற்று நேரம் காத்திருந்தது. புகையற்ற பவுடர் குளிரில் மெதுவாக எரியும், சூட்டில் விரைவாக எரியும். பவுடரைப் பொறுத்து ஒரு டிகிரிக்கு அரை அடி மாறும், ஒன்றரை அடியும் மாறும். 35 டிகிரி ஏறியதற்கு 45 அடி வேகம் கூடியது என்றால் அது சாதாரணப் பவுடரின் சாதாரணக் குணம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

இந்த 45 அடியை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. ஒளிக்கண் வகை, குண்டின் நிழலைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. பிப்ரவரியில் சூரியன் தாழ்வாக இருக்கும், தரையில் மிச்சப் பனி பளபளக்கும். இரண்டும் அந்தக் கண்ணைக் குழப்பும். போதாக்குறைக்கு, ஐந்து தோட்டா என்பது மிகக் குறைவு. ஐந்தை வைத்து வேகத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற கணக்கு) 10 என்று வந்தால், உண்மையான எண் 6-லிருந்து 29 வரை எதுவாகவும் இருக்கலாம். 95 விழுக்காடு நம்பகத்துக்குப் புள்ளியியல் கொடுக்கும் இடைவெளி அது. 20 தோட்டா சுட்டால் அதே இடைவெளி 8-லிருந்து 15-க்குள் வந்துவிடும். மூன்று தோட்டாவில், இலக்கில் ஒரு நாணயத்துக்குள் அடங்கிய துளைக் குழுவைப் படம் எடுத்துப் போட்டு "கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்பவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

சரி, வேட்டைக்கு இது எவ்வளவு தூரம் முக்கியம்? 60 அடி வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். .308-இன் வழக்கமான குண்டுக்கு அது 100 கஜத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஏற்ற இறக்கம் காட்டும். 300 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் இருக்கும். எல்க் போன்ற பெரிய விலங்குக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உங்கள் மூச்சே அதைவிட அதிகம் ஆட்டும். 600 கஜத்தில் போட்டிக்குச் சுடுபவருக்கு அரையடி தள்ளிப் போகும், அவர் கவலைப்படட்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில். நிரப்பும் கையேடுகளில் இருக்கும் உச்ச அளவெல்லாம் ஆய்வகத்தில், ஏறக்குறைய 70 டிகிரியில் அளந்தவை. .308-க்கு அமெரிக்கத் தொழில் தரம் வகுக்கும் அமைப்பான ‘சாமி’ வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பிப்ரவரியில் குளிர்ந்த தோட்டாவைச் சுட்டுவிட்டு, "பிரைமர் (தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகவில்லை, போல்ட் சுலபமாகத் தூக்குகிறது, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்று அளவைக் கூட்டினால், அதே தோட்டா ஜூலையில் பூட்டிய காருக்குள் வெந்துவிட்டு வரும்போது வேறு முகம் காட்டும். போல்ட் இறுகும், பித்தளையின் அடியில், சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் பளபளப்பாகப் பதியும். அந்தத் தடத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களை, குண்டைக் கழற்றுவதற்கென்றே விற்கும் சுத்தியல் வடிவக் கருவியால் பிரித்துவிடுங்கள். குளிரில் அழுத்த அறிகுறி தெரியவில்லை என்பதை வைத்து, கையேட்டின் உச்சத்தைத் தாண்ட யாருக்கும் அனுமதி கிடைத்துவிடாது.

இப்போது வாங்க வேண்டியதற்கு வருவோம். 15, 20 டாலருக்குக் குத்தி அளக்கும் சமையல் வெப்பமானி ஒன்று. பழைய சாப்பாட்டுக் குளிர்பெட்டி ஒன்று. முதல் நாள் இரவே தோட்டாவை வீட்டுக்குள் வையுங்கள். பாதியை ஐஸ் பொதியோடு குளிர்பெட்டியில் போடுங்கள், மீதியை நிழலில் வையுங்கள். கையேட்டின் நடு அளவில் நிரப்பியவையாக இருக்கட்டும். பெட்டிக்குள் வெப்பமானி முனையைத் தோட்டாக்களுக்கு நடுவே செருகி, எண்ணை எழுதிக்கொண்டு, ஒரு குளிர், ஒரு சூடு என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். சேம்பரில் போட்டதும் காக்க வைக்காதீர்கள். பத்துப் பத்து சுட்டால் உங்கள் பவுடர் ஒரு டிகிரிக்கு எத்தனை அடி மாறுகிறது என்று ஓரளவு கையில் வந்துவிடும். தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் வெப்பமானியை வாங்கிவிடாதீர்கள். பளபளக்கும் பித்தளையில் அது தப்பாகக் காட்டும். ஏற்கெனவே இருந்தால், ஒரு தோட்டாவில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கலாம்.

இதற்குப் பிறகும் பணம் மிச்சம் இருந்தால், பவுடரைவிடக் குரோனோகிராஃபுக்கே என் ஓட்டு. குழலில் கட்டும் வகை துல்லியமானதுதான். ஆனால் குழலில் எடை தொங்குவதால் குண்டு படும் இடமே மாறும், குழுவையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. 2023 இறுதியில் கார்மின் எக்ஸ்ஸீரோ சி1 ப்ரோ 600 டாலருக்கு வந்த பிறகு, மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடும் ரேடார் வகை சாமானியருக்கும் எட்டியது. இப்போது அதைவிடக் குறைந்த விலையில் போட்டிக் கருவிகளும் உண்டு. அவசரமில்லை, வேட்டைக் காலம் முடிந்ததும் தள்ளுபடிக்கும் பயன்படுத்திய கருவிக்கும் கண் வைத்திருங்கள்.

இன்னொன்று: சினூக் வறண்ட காற்று, உங்கள் ரைஃபிள் தப்பித்தது. ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் இதே போல் குளிர்காலத்தில் வரும் வெப்பம் ஈரத்தோடு வரும். சில்லென்ற இரும்பை வெளியே எடுத்ததும் குழலும் ஸ்கோப் கண்ணாடியும் வியர்த்துவிடும். அங்கே இருப்பவர்கள் பையைத் திறக்காமலே அரைமணி, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

கேள்வி (மினியாபொலிஸ்): வெப்பநிலை பாதிக்காத பவுடர் என்று விற்பது உண்மையா, விளம்பரமா? இணையத்தில் வாங்கினால் தனிக் கட்டணம் போடுகிறார்களே?

பதில்: உண்மை இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் பவுடர் வரிசை (வார்கெட், எச்4350 எல்லாம் இதில்தான்) ஆஸ்திரேலியாவில் தயாராகிறது; சூட்டுக்கும் குளிருக்கும் குறைவாகவே அசைகிறது என்று போட்டியாளர்கள் பல வருடமாக நம்பி வாங்குகிறார்கள். ஆனால் ஒரு தோட்டா வகையில் அசையாத பவுடர் இன்னொன்றில் அசையும். மினசோட்டாவில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவே 100 டிகிரி இடைவெளி வருவதால், இருபருவமும் சுடுகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமே.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். எச்4350, ஐஎம்ஆர் 4350, அக்யூரேட் 4350 மூன்றும் வேறு வேறு பவுடர். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் கையேடு காப்பாற்றாது.

தனிக் கட்டணம் ஆபத்துப் பொருள் அனுப்புவதற்கானது. பெரும்பாலும் ஒரு பொதிக்கு ஒருமுறை. ஒரு பவுண்டு டப்பாவுக்கு அதைக் கட்டினால் கட்டுப்படியாகாது. பவுடரும் பிரைமரும் சேர்த்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது நண்பர்கள் சிலர் சேர்ந்து வரவழையுங்கள், இல்லையென்றால் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்த பவுடர் என்றால் எட்டு பவுண்டு டப்பா நல்லது. முழுவதும் ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண். லாட் மாறினால் அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் வைப்பதற்குத் தீத்தடுப்புத் தரமான என்எஃப்பிஏ 495 சொல்லும் அளவு: அசல் டப்பாவில் 20 பவுண்டு வரை பவுடர், 10,000 பிரைமர். அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குல மரப்பெட்டி வேண்டும். உங்கள் நகரத்தில் இதைவிடக் கடுமையான விதி இருக்கலாம், தீயணைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். விற்ற பவுடரையும் பிரைமரையும் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. முதல் முறை சிறிய டப்பாவே போதும்.

கேள்வி (டெக்சாஸ்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் தான் நிரப்பிய தோட்டாவோடு ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார், செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடு என்கிறார். போகலாமா?

பதில்: வேடிக்கை பார்க்கப் போங்கள். சுடுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். கூட்டரசுச் சட்டப்படி, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைப் பிடிப்பதும் இதில் வரும். சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, காலாவதியாகாத அமெரிக்க வேட்டை உரிமம். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. விசா விஷயம் என்பதால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பணம் கொடுப்பது வேண்டாம். தனக்காக நிரப்ப உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்றுச் சம்பாதிக்கத் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும். பொதுவாகவே இன்னொருவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதீர்கள். எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், அவர் அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தது அவருடைய துப்பாக்கியில். பல துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், மறுநிரப்பிய தோட்டாவால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். சில உள்ளரங்க ரேஞ்சுகள் அவற்றை உள்ளேயே விடுவதில்லை.

ஊருக்குப் போகும் பையை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டாலும், சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் வந்தது என்று நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், விடுமுறையும் முடிந்திருக்கும். வெற்றுப் பித்தளையை நினைவுப்பொருளாகக் கொண்டுபோகும் ஆசையும் வேண்டாம்.